மை போன ஏட்டை வெளிச்சத்தால் வாசித்தல்

யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பரியாரியார் குடும்பத்திடம் பரம்பரையாக இருந்துவரும் பனையோலை வைத்திய ஏட்டுக் கட்டு ஒன்று. அதைப் படமாக்கி, உள்ளே இருப்பதை வாசிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் வேலை. கணினிப் பார்வையும் படச் செயலாக்கமும் என் ஆராய்ச்சித் துறை என்பதால் என்னிடம் கேட்டார்கள். கட்டில் பாதிக்கு மேற்பட்ட ஏடுகளில் மை இல்லை. மைதான் இல்லை, எழுத்து இருக்கிறது. எழுத்தாணி கீறிய பள்ளம் அப்படியே கிடக்கிறது. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அப்புறம் நிறத்தைத் தேடிப் போகமாட்டோம், பள்ளத்தைத் தேடிப் போவோம்.

பனையோலையில் எழுதுகிறவர் மையால் எழுதுவதில்லை. எழுத்தாணியால் கீறி முடித்த பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, மஞ்சளோ ஏதாவது இலைச்சாறோ சேர்த்து, ஏடு முழுக்கப் பூசித் துடைத்துவிடுவார்கள். மேலே உள்ளது துடைபட்டுப் போகும், பள்ளத்துக்குள் இறங்கினது நிற்கும். நாங்கள் வாசிப்பது அந்தக் கரியைத்தான். கை படப்பட, ஈரம் ஏறி இறங்க, பூச்சி அரிக்க, கரி கழன்றுவிடும். திரும்பவும் கரி பூசலாமே என்று வீட்டில் கேட்டார்கள், முந்தி அப்படித்தான் செய்வார்களாம். நல்ல நிலையில் உள்ள ஏட்டுக்கு அது சரியான வைத்தியம்தான். இந்தக் கட்டில் பல ஏடுகள் விரலால் தொட்டாலே ஓரம் உதிர்கிற நிலையில் இருக்கின்றன, அதன்மேல் எண்ணெயைத் தேய்த்துத் துடைக்க நான் சம்மதிக்கவில்லை. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய, சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டுப் பதிப்புரை ஒன்றில், ஏட்டை எடுக்கும்போது ஓரம் சொரிவதையும் கட்டை அவிழ்க்கும்போது இதழ் முறிவதையும் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அந்த ஏட்டைக் கையால் புரட்டித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. எங்களுக்கு ஒருமுறை புரட்டினால் போதும்.

வழக்கமான வழி முதலில். மேலிருந்து சமமான வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து, சாம்பல் படமாக்கி, கறுப்பு வெள்ளையாகப் பிரிப்பது. 1979இல் ஒட்சு கொடுத்த முறை படம் முழுவதற்கும் ஒரே எல்லைப் பெறுமானத்தை எடுக்கிறது, அதைவிட இருண்ட புள்ளி எல்லாம் கறுப்பு, மிச்சம் வெள்ளை. ஏட்டின் ஒரு மூலை கறுத்து, நடு மஞ்சளாக, கண்துளையைச் சுற்றிக் கயிறு உரசிய கறை இருந்தால், அந்த ஒற்றைப் பெறுமானத்தால் கறையைத்தான் பிடிக்க முடியும். 2000இல் சவுவோலாவும் பியற்றிகெய்னனும் எழுதிய முறை நல்ல முன்னேற்றம், ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றிய சிறு சாளரத்தின் இடையையும் (சராசரி) நியம விலகலையும் பார்த்து எல்லையை மாற்றிக்கொள்கிறது, மை உள்ள ஏடுகளுக்கு நான் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் இரண்டுமே கேட்பது ஒரே கேள்வி: இந்தப் புள்ளி பக்கத்துப் புள்ளியை விடக் கறுப்பா? மை இல்லாத பள்ளத்தின் நிறம் பக்கத்து ஓலையின் நிறமேதான். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. எந்த அளவுருவை எவ்வளவு திருகினாலும் இல்லாத தகவல் வராது.

செம்பாட்டுத் தோட்டத்தில் உச்சி வெயிலில் பார்த்தால் பாத்தி வரம்பு கண்ணுக்குத் தெரியாது, பின்னேரம் சூரியன் சரிந்தவுடன் ஒவ்வொரு வரம்பும் எழும்பி நிற்கும். ஏட்டிலும் அதேதான். ரோச் லைட்டைப் பக்கத்தில் தாழப் பிடித்தால் எழுத்து எழும்பும், ஆனால் ஒரு பக்கத்து வெளிச்சம் சில கோடுகளைத்தான் காட்டும், வெளிச்சம் வருகிற திசைக்குச் சமாந்தரமான கோடு மறைந்துவிடும். ஆகவே பல பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டு, கமராவையும் ஏட்டையும் அசைக்காமல், அத்தனை படத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கை வூட்ஹாம் 1980இல் எழுதினார். பளபளப்பில்லாத மேற்பரப்பில் ஒரு புள்ளியின் பிரகாசம், அந்தப் புள்ளியின் தெறிப்புத் திறனை (விழுந்த ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது), செவ்வனும் (மேற்பரப்பு அந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் செங்குத்துத் திசை) ஒளித்திசைக் காவியும் (வெளிச்சம் வரும் திசையைக் காட்டும் அம்பு) சேர்ந்த எண்ணிப் பெருக்கத்தால் பெருக்கி வருவது. இது லம்பேர்ட் 1760இல் சொன்ன விதி. தெரியாதது மூன்று: தெறிப்புத் திறன் ஒன்று, செவ்வனின் திசைக்கு இரண்டு. ஒரே தளத்தில் இல்லாத மூன்று திசை வெளிச்சம் இருந்தால் தீர்த்துவிடலாம். எனக்கு இதில் மிகப் பிடித்தது என்னவென்றால், கறையும் அழுக்கும் தெறிப்புத் திறன் படத்துக்குள் போய்விடும், பள்ளம் மட்டும் செவ்வன் படத்தில் தங்கும். ஒரே கணக்கில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

அமைப்பு எளிமையானது. பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ற் அடித்த ஒட்டுப்பலகை அடித்தட்டு, அதைச் சுற்றி எட்டுத் திசையில் எட்டு வெள்ளை எல்ஈடி, எல்லாம் ஒரே வகை, ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஏட்டின் நடுவிலிருந்து கிடையாக 36 செ.மீ., உயரம் 17 செ.மீ., அதாவது ஏறத்தாழ 25 பாகை. இதைவிடத் தாழ்த்தினால் ஓலையின் நெளிவே நிழல் விழுத்தி எழுத்தை மூடிவிடுகிறது, உயர்த்தினால் கீறல் மங்குகிறது. ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் எட்டு மின் ஆளி (ரிலே) உள்ள பலகையும் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றும். மின்சாரம் பற்றரியிலிருந்து, வீட்டு வயரிலிருந்து எடுத்தால் மின்னழுத்தம் ஏறி இறங்குவது படத்தின் பிரகாசத்தில் தெரியும். அறையின் யன்னலுக்குக் கறுப்புத் துணி, படம் எடுக்கும்போது மின்விசிறி நிற்க வேண்டும், கதவு திறக்கக்கூடாது. வெக்கையில் கஷ்டம்தான், ஆனால் ஓலை ஒரு புள்ளியளவு அசைந்தால்கூட எட்டுப் படமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

கமரா கைத்தொலைபேசிதான், மேலே தடியில் பூட்டி, புளூடூத் பொத்தானால் இயக்குகிறேன். குவியம், ஒளித்திறப்பு நேரம், வெண்சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். கோப்பு கட்டாயம் டிஎன்ஜி ஆக, அதாவது கமரா அளந்த எண்களை மாற்றாமல் வைத்திருக்கும் மூலக் கோப்பாக இருக்கட்டும். ஜேபெக் கோப்பில் போன் தன் விருப்பப்படி பிரகாசத்தை மாற்றி, கூர்மையாக்கி, இரைச்சல் அகற்றி வைத்திருக்கும், அந்த எண்களை லம்பேர்ட் விதியில் போட்டால் விடை பொய். மூலக் கோப்பில் பச்சைப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கீறலின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை. ஒரு கீறலுக்குக் குறுக்கே நாலு புள்ளியாவது விழ வேண்டும் என்பதால் ஏட்டை முழுதாக ஒரே படத்தில் எடுக்காமல், பத்து செ.மீ. துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுக்கிறேன்.

ஏட்டோடு ஒவ்வொரு படத்திலும் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று சைக்கிள் கடையில் வாங்கிய பெயாரிங் குண்டு. பளபளவென்று இருக்கும் அந்தக் குண்டில் விளக்கின் பிரதிபலிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தால் விளக்கின் திசை கிடைத்துவிடும், அளவுநாடா பிடிக்கத் தேவையில்லை. பிரதிபலிப்புப் புள்ளியில் குண்டின் செவ்வன் தெரியும், பார்வைத் திசை தெரியும், தெறிப்பு விதிப்படி ஒளித்திசை வரும். விளக்கு 25 பாகையில் இருந்தால் அந்தப் புள்ளி குண்டின் நடுவிலிருந்து ஆரத்தின் பாதியைச் சற்றுத் தாண்டி விழ வேண்டும், விழாவிட்டால் விளக்குச் சட்டம் எங்கேயோ சரிந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றது கறுப்பும் வெள்ளையும் உள்ள சிறு அளவுகோல்.

ஓலையைச் சமப்படுத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கைவிட இதுதான் கை வேலை. கண்ணாடியால் அமர்த்துவது கூடாது, வரண்ட ஓலை நார் வழியே நீளமாகப் பிளந்துவிடும், அதோடு கண்ணாடியின் பளபளப்பு வேறு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஏடு முறுகிக் கிடக்கும், மாரி தொடங்கினால் கொஞ்சம் இளகும். அதனால் அவசரப்படாமல் மழைக் காலத்துக்காகக் காத்திருந்தோம். கட்டை நாராசத்திலிருந்து (ஏடுகளைக் கோத்து வைக்கும் கம்பி) கழற்றி, ஒவ்வொரு ஏட்டையும் மென்மையான தூரிகையால் நார் ஓடும் திசையிலேயே தூசி தட்டி, இரண்டு நுனியிலும் துணி சுற்றிய சிறு பாரம் மட்டும் வைத்தேன். மிச்சம் உள்ள வளைவைக் கணக்கில் எடுத்துவிடலாம்.

கணக்கு பைத்தன் நிரல்மொழியில், நம்பை, ஓப்பன்சிவி என்ற இரண்டு நிரல் தொகுப்புகள் போதும். முதலில் வெள்ளைத் தாள் வேலை: ஏடு இருக்கும் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எட்டு விளக்கிலும் படம் எடுத்து, ஏட்டுப் படத்தை அதனால் வகுக்க வேண்டும். விளக்கு கிட்ட இருப்பதால் அதன் பக்கத்து ஓரம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும், இந்த வகுத்தல் அதைச் சமன் செய்கிறது. வகுத்த பிறகு ஒளித்திசைக் காவியின் நிலைக்குத்துக் கூறால் திரும்பப் பெருக்க மறக்கக்கூடாது, தாளும் அந்தச் சரிவான வெளிச்சத்தைத்தானே வாங்கியது, அந்தக் காரணி வகுத்தலில் வெட்டுப்பட்டுவிடும்.

பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டுப் பெறுமானம், மூன்று தெரியாக் கணியம், இழிவு வர்க்க முறை, அதாவது எல்லாப் பெறுமானத்தோடும் மொத்தப் பிழை மிகக் குறைவாக வரும் விடையை எடுப்பது. எட்டையும் அப்படியே போட்டால் இரண்டு தொல்லை. பழைய எண்ணெய் ஊறிய இடம் பளபளக்கும், அது லம்பேர்ட் விதிக்குள் அடங்காது. ஆழமான கீறலுக்குள் ஒரு பக்கத்து வெளிச்சம் இறங்காமல் நிழலாகும், அதுவும் அடங்காது. எனவே ஒவ்வொரு புள்ளியிலும் எட்டுப் பெறுமானத்தை வரிசைப்படுத்தி, மிகப் பிரகாசமானதையும் மிக இருண்டதையும் விலக்கிவிட்டு மிச்சத்தில் தீர்க்கிறேன். விலக்கிய பிறகு எஞ்சிய ஒளித்திசைகள் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டனவா என்று சோதிப்பது நல்லது.

வந்த செவ்வன் படத்தில் முதலில் தெரிவது எழுத்து அல்ல, ஓலையின் பெரிய வளைவு. அகலமான மங்கலாக்கல் வடிகட்டியால் அந்த வளைவை மதிப்பிட்டுக் கழித்தால் சிறு மேடு பள்ளம் மட்டும் மிஞ்சும். பிறகு செவ்வனிலிருந்து இரு திசைச் சாய்வையும் எடுத்து, நீளவாட்டுச் சாய்வின் பெறுதியையும் (அந்தச் சாய்வு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது) குறுக்குச் சாய்வின் பெறுதியையும் கூட்டினால், பள்ளத்தின் அடி எல்லாம் வெளிச்சமாக, மேடு எல்லாம் இருட்டாக ஒரு படம் வரும். கீறல் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே மாதிரித் தெரியும், உயரப் படமாக மீட்டெடுக்கும் நீண்ட வேலையும் தேவையில்லை.

இப்போதுதான் பனையோலையின் குணம் குறுக்கே வருகிறது. சிங்களச் சுவடிகளுக்கு எடுக்கிற தாளிப்பனை ஓலை மெல்லிசு, அகலம், வழவழப்பு. எங்கள் பனையோலை தடிப்பு, நார் நன்றாகத் தெரியும். அந்த நார் எல்லாம் ஏட்டின் நீளத்துக்கு ஓடுகிற நூற்றுக்கணக்கான வரம்புகள், கீறலின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானவை. ஆனால் அவற்றில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: நார் நீளமானது, நேரானது, ஒரே திசையானது. எழுத்தில் உள்ள கிடைக்கோடு குட்டை. மீடிறன் தளத்துக்குப் போனால், அதாவது படத்தை வெவ்வேறு திசையிலும் நெருக்கத்திலும் ஓடும் அலைகளாகப் பிரித்துப் பார்த்தால், நீளமான நார் எல்லாம் நிலைக்குத்து அச்சை ஒட்டிய மிக ஒடுங்கிய ஆப்புக்குள் குவிந்துவிடும், குட்டையான கோட்டின் சக்தி அந்த அச்சின் இரு பக்கமும் பரந்து கிடக்கும். ஆப்பை மட்டும் மெல்ல அடக்கினால் நார் அடங்கி எழுத்து நிற்கிறது. ஆப்பை அகலமாக்கினால் கொம்பின் அடிக்கோடும் போய்விடும், அதனால் ஏட்டுக்கு ஏடு கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறேன், இதைத் தானியக்கமாக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இந்தப் படத்தின் மேல், எழுத்தின் உயரத்தை ஒட்டிய சாளரத்தோடு சவுவோலா முறையைப் போட்டால் அழகாக வேலை செய்கிறது. முறை பிழையில்லை, அதற்குக் கொடுத்த படம்தான் மாற வேண்டியிருந்தது.

நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? கட்டிலேயே ஒரு பகுதியில் மட்டும் மை எஞ்சிய ஏடுகள் இருக்கின்றன. அவற்றில் மை உள்ள பகுதியை நிறத்தைக் கொண்டு பிரித்தெடுத்து, அதே இடத்தைப் பள்ளத்தைக் கொண்டும் பிரித்தெடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இரண்டும் தனித்தனித் தகவலிலிருந்து வந்தவை, ஆகவே ஒத்துப்போகிற இடத்தை நம்பலாம். பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்கள் எழுத்தாணி மெல்ல உரசிய தொடக்க நுனிகளும் பூச்சி குடைந்த தடங்களும். பூச்சித் தடத்தின் கரை செங்குத்தாக இருப்பதால் அதற்குள் கணக்கு எதையும் சொல்லாது, அந்த இடங்களைத் தனி நிறத்தில் மறைத்து 'தகவல் இல்லை' என்றே வைத்திருக்கிறேன்.

வாசித்தது நான் அல்ல, அந்த வீட்டு ஐயா. எண்பதைத் தாண்டியவர், ஏடு வாசிக்கப் பழகிய கடைசித் தலைமுறை. நான் கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சடித்துக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, எழுத்துத் தெரியுது, ஆனா எழுதின கை தெரியேல்லை" என்றார். செவ்வன் இருப்பதால் எந்தத் திசையிலிருந்தும் வெளிச்சம் விழுவது போலக் கணினியில் காட்டலாம், மவுஸை அசைக்க வெளிச்சம் அசையும். இந்த வகைக் காட்சியை 2001இல் எச்பி ஆய்வுகூடத்தில் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் வேறொரு கணித வடிவில் செய்துகாட்டினார்கள். அதை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அச்சுப் பிரதியை அவர் தொடவேயில்லை. "இடப்பக்கம் கொண்டு வா பாப்பம்... மெல்ல... ஆ, நில்லு" என்று சொல்லிச் சொல்லி வாசித்தார்.

ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது, குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒரே உரு. பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், மருந்தும் மூலிகையும் தெரியாத ஒருவரால் வாசிக்க முடியாது. அளவு வரும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. கால், மா, காணி என்று பின்னங்களுக்குத் தனித்தனிக் குறி. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. ஓர் இடத்தில் என் படம் குறியை அரைகுறையாகக் காட்ட, ஐயா வெளிச்சத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, "உது மா இல்லை, காணி" என்று முடித்தார். சரக்கின் அளவில் நாலு மடங்கு வித்தியாசம். அது சுத்தி செய்து சேர்க்கிற பாஷாணச் சரக்கு.

இதனால்தான், படத்தை 'மேம்படுத்தும்' செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வேலைக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவருகிறேன். பல பேர் கேட்டார்கள், மங்கலான படத்தைக் கொடுத்தால் தெளிவாக்கித் தருமே என்று. தரும். தான் படித்த படங்களில் அடிக்கடி கண்ட கோட்டை எடுத்து இடைவெளியை நிரப்பித் தரும், நிரப்பியதா கண்டதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. முகப் படத்துக்கு அது பரவாயில்லாமல் இருக்கலாம், மருந்தளவு உள்ள ஏட்டில் இல்லாத ஒரு கீறல் வந்து உட்காரக்கூடாது. என் கணக்கில் வருகிற ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் எட்டு அளவீடு இருக்கிறது, சந்தேகம் வந்தால் அந்த எட்டையும் திறந்து பார்க்கலாம். எழுத்தைத் தானாக அடையாளம் காணும் மாதிரியைப் பயிற்றுவிக்கும் எண்ணம் இருக்கிறது, அது வேறு விஷயம், ஐயா வாசித்து உறுதிசெய்த எழுத்துகளை வெட்டிப் பெயரிட்டுச் சேர்த்துவருகிறேன், அவர் சந்தேகம் என்று சொன்னதற்குச் சந்தேகம் என்றே பெயர்.

சேமிப்பைப் பற்றி ஒரு சொல். மூல டிஎன்ஜி எட்டும், வெள்ளைத் தாள் படங்களும், குண்டு உள்ள படமும் அழிக்கப்படாது, நாளை இதைவிட நல்ல கணக்கு வரும்போது தொடங்குவதற்கு அவைதான் வேண்டும். இடம் நிறையப் பிடிக்கும், பிடிக்கட்டும். ஒரு பிரதி குடும்பத்திடம், ஒன்று என்னிடம், ஒன்று நாட்டுக்கு வெளியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகளும் சேர்ந்து எரிந்த ஊர் இது, ஒரே கூரைக்குக் கீழே எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எதை யாருக்குக் காட்டலாம் என்பது குடும்பத்தின் முடிவு, அதையும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

கட்டின் அடியில் சில ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க முயலவில்லை, ஓலை பேணும் பயிற்சி உள்ளவர் பார்க்கும்வரை சட்டத்துக்கு இடையில் அப்படியே இருக்கும். அடுத்த கட்டு உரும்பிராயிலிருந்து வருகிறது, அது சாதகக் கணிதம், கீறல் இன்னும் மெல்லிசு. அதற்கு விளக்குகளை இரண்டு உயரத்தில், பன்னிரண்டாகக் கூட்ட வேண்டும். அரைவட்டச் சட்டத்துக்கான அளவைத் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன்.